ஏழு கடிதத்திலும் நலம்

பிப்ரவரி 9

அண்ணா,

முன்னாடி 'அன்புள்ள' எங்கேன்னு தேடாதே. வேணும்னுதான் விட்டேன்.

என் மனுவைத் தள்ளிட்டாங்க. இந்த நாட்டுல எனக்கு அடைக்கலம் கிடையாதாம். பதினொரு பக்கத் தீர்ப்பு. வக்கீலம்மா ஆபீஸ்ல மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு பத்தியா வாசிச்சார். பத்தி பதினேழு வந்ததும் கொஞ்சம் தொண்டையைச் செருமினார். அதை அப்படியே எழுதிக்கிட்டு வந்திருக்கேன், நீயும் ரசி:

"விண்ணப்பதாரரின் மூத்த சகோதரர் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். அவர் எழுதிய ஏழு கடிதங்களிலும், வீட்டில் அனைவரும் நலமாக இருப்பதாகத் தொடர்ந்து உறுதிப்படுத்தியுள்ளார். ஆகவே, குடும்பம் ஆபத்தில் உள்ளது என்ற கூற்றை ஏற்க இயலவில்லை."

எப்படி இருக்கு வாத்தியாரே? 'இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.' ஏழு தடவை. அந்த லெட்டரையெல்லாம் நான்தான் கட்டா கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், எனக்கும் ஒரு வீடு இருந்ததுன்னு காட்டறதுக்கு. மொழிபெயர்ப்பாளரைத் திட்ட முடியாது. நீ எழுதினதைத்தான் எழுதியிருக்கார். எங்க ஆளுங்க லெட்டர்னா அப்படித்தான் ஆரம்பிக்கும், வீட்டைக் காலி பண்ணுன்னு வர லெட்டர்கூட நலமான்னு கேட்டுட்டுத்தான் காலி பண்ணச் சொல்லும்னு வக்கீலம்மாகிட்ட விளக்கினேன். அவங்க கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு என்னைப் பாத்தாங்க.

"அப்போ நலமா இல்லைன்னா என்ன எழுதுவீங்க?"

மேல்முறையீட்டு மனுவை இழுத்து வெச்சுக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 14 மேல்முறையீடு. அதுக்குள்ள உன்கிட்டேருந்து ஒரு வாக்குமூலம் வேணும். உன் பேர், வேலை, முகவரி, கையெழுத்து. ஊர்வலம் போன பசங்களைப் பிடிச்சது, 'வந்தவங்க'ன்னு சொல்லி நம்ம மாதிரி வீடுகள்ல என்ன நடக்குதுங்கறது, எல்லாம். போன்ல சொல்லிடாதே, ஒட்டுக் கேக்கறாங்க. எழுது.

நான் சலவைக் கூடத்துல வேலை பாக்கறேன். ஆஸ்பத்திரி, ஹோட்டல் படுக்கை விரிப்பு. பெரிய விரிப்பை ஒருத்தியா மடிக்க முடியாது, எதிர்ப்பக்கம் ஆள் வேணும். எனக்கு எதிர்ல நிக்கற பொம்பளைக்கு என் பாஷை தெரியாது, அவ பாஷை எனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு நானூறு தடவை ரெண்டு பேரும் கிட்ட வந்து கிட்ட வந்து விலகறோம். கல்யாணமான மாதிரி இருக்கு.

அம்மா மூட்டு வலி எப்படி? நிஜமாச் சொல்லு.

— வாலு


பிப்ரவரி 24

அன்புத் தங்கைக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

உன் கடிதம் பதினோராம் நாள் கிடைத்தது. உறை மிக அழகாக ஒட்டப்பட்டிருந்தது. நீ இவ்வளவு பசை தடவுகிறவள் இல்லை.

நீ கேட்டதை எழுத என்னிடம் எதுவும் இல்லை. ஊரில் அமைதி நிலவுகிறது. நம் தெருவும் அமைதியாகவே இருக்கிறது. மாலையில் பேச்சுக் குரல்கூடக் கேட்பதில்லை. கீழ்வீட்டுத் தையற்காரர் குடும்பத்தோடு வீடு மாறிப் போய்விட்டார். பள்ளியிலும் குறை சொல்வதற்கில்லை. வகுப்பில் இடநெருக்கடி என்று முன்பெல்லாம் புலம்புவேனே, இப்போது பின்வரிசை இரண்டும் காலி. புதிய பாடப் புத்தகம் வந்திருக்கிறது. மெலிதாக, கையில் எடுக்க வசதியாக இருக்கிறது. பழைய ஒன்பதாம் பாடம் அதில் இல்லை.

அம்மாவின் மூட்டு வலி அப்படியே இருக்கிறது. மாடிப்படி இறங்குவதில்லை. இறங்கிப் போவதற்கு இடமும் இல்லை என்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்பாள். ஹோட்டலில் வேலை என்று சொல்லியிருக்கிறேன். ஏதோ வரவேற்பு மேஜையில் நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

நான் இவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை நீ மறக்கக் கூடாது. படிப்பை முடி, மூன்றே பரீட்சைதான் பாக்கி என்று அன்றைக்கே சொன்னேன். கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள அண்ணன்


மார்ச் 6

அண்ணா,

மறுபடியும் நலமா? உன் கையை உடைக்க.

உன்னோட எட்டாவது லெட்டர் இது. இதையும் அவங்ககிட்ட கொடுக்கட்டுமா?

நான் மக்கு இல்லை. படிப்பைத்தான் விட்டேன், படிக்கறதை விடலை. தையற்காரர் தையல் மெஷினைத் தலைமேல தூக்கி வெச்சுக்கிட்டு வீடு மாறினாரா? எங்கே மாறினார்? புது முகவரி சொல்லு. பின்வரிசை ரெண்டும் காலின்னா அங்கே உக்காந்திருந்த பிள்ளைங்க எங்கே? ஒன்பதாம் பாடம் எதுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தாத்தா இருந்த நாட்டுலேருந்து நம்ம ஜனங்களைத் துரத்தின பாடம். எனக்கு அதுல நூத்துக்கு முப்பத்தெட்டு.

நீ சாப்பாட்டு மேஜையில அதையே தினமும் நடத்துவே. முதல்ல கணக்கெடுப்பு, அப்புறம் பட்டியல், அப்புறம் லாரி, எந்த நாட்டுலேயும் வரிசை மாறினதே இல்லைம்பே. நான் கொட்டாவி விடுவேன். அப்புறம் நம்ம ஊர்லேயே கணக்கெடுப்புன்னு வந்தாங்க. பாடம் நடத்தின நீ கதவைத் திறந்து அவங்களுக்கு நாற்காலி போட்டே. கொட்டாவி விட்ட நான் தெருவுல போய் நின்னேன். என்கூட வந்த ஆறு பேரைப் பிடிச்சாங்க. நான் கல்லூரிச் சுவரைத் தாண்டினேன், முழங்கால் தழும்பு இன்னும் இருக்கு. அந்த ஆறு பேர்ல யாராவது திரும்பி வந்தாங்களா? அதையாவது எழுது.

என்னைத் திருப்பி அனுப்பினா விமான நிலையத்துலேயே நிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் பரீட்சை, கிரீட்சைன்னு எழுதறே.

லாரி டிரைவர் மாமா இன்னும் எல்லை தாண்டிச் சரக்கு ஏத்திட்டுப் போறார்தானே? அவர்கிட்ட கொடு. அந்தப் பக்கத்துலேருந்து தபால்ல போட்டா யாரும் பிரிக்க மாட்டாங்க. இந்த லெட்டரையும் அங்கே அவர் சரக்கு இறக்கற கிடங்குக்குத்தான் போடறேன், இனிமே எல்லாமே அப்படித்தான் வரும். இன்னும் அஞ்சரை வாரம் இருக்கு.

அம்மாகிட்ட நான் வரவேற்பு மேஜையிலதான் நிக்கறேன்னே சொல்லு. சேலை கட்டிக்கிட்டு நிக்கறேன்னு சொல்லு, இன்னும் சந்தோஷப்படுவா.

— வாலு


மார்ச் 19

அண்ணா,

பதில் வரலை. உன் கையை உடைக்கன்னு எழுதினது தப்பு.

இன்னும் இருபத்தாறு நாள்தான்.


மார்ச் 27

தங்கைக்கு,

வழக்கமான முதல் வரியை எழுதிவிட்டு அடித்தேன். பிறகு தாளையே மாற்றினேன். கை தானாக அங்கே போகிறது.

இதை டிரைவர் மாமா கொண்டுபோகிறார். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். பிடிபட்ட ஆறு பேரில் ஒருவன்கூட வீட்டுக்கு வரவில்லை.

முதலில் தாத்தாவைப் பற்றி ஒன்று. அவர் இருந்த நாட்டில் கலவரம் தொடங்கியதும் அவருடைய தம்பி மனைவியோடு தப்பி, நாம் இருக்கும் இந்த ஊருக்கு முன்னாலேயே வந்துவிட்டார். தாத்தா மட்டும் கடையைக் காத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். கடைத்தெருவில் பாதி எரிந்த வாரத்தில் தம்பிக்கு இரண்டு பக்கக் கடிதம் போட்டார். முதல் பக்கம் 'இங்கு யாவரும் நலம்' என்று தொடங்கி உறவினர் ஒவ்வொருவரையும் விசாரித்தது. தீயைப் பற்றி, இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்று, இரண்டாம் பக்கத்தில்தான் எழுதியிருந்தார். தணிக்கைக்காரர்கள் இரண்டாம் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். தம்பி முதல் பக்கத்தை நம்பி மனைவியோடு அடுத்த கப்பலில் திரும்பிப் போனார். துறைமுகத்தில் அவர்கள் இறங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. தாத்தா இங்கே வந்து தம்பி தங்கியிருந்த அறையைத் தேடிப் போனபோது, வீட்டுக்காரர் அந்த ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தாராம். அப்பா சாவதற்கு முந்தைய வாரம் அதை என்னிடம் தந்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். நம் ஆட்கள் நலம் என்று எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உன் வக்கீலம்மாவுக்கு அது சொல்லும்.

பயத்தில்தான் நானும் நலம் எழுதினேன் என்று நினைக்கிறாய். பயம் உண்டு. ஆனால் காரணம் அது இல்லை.

நீ போன அடுத்த மாதம் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். எந்தெந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி வெளியிலிருந்து வந்தவர்கள் என்று மேலிடத்துக்குப் பட்டியல் வேண்டுமாம். "உங்க கையெழுத்துதான் சார் நம்ம பள்ளியிலேயே அழகு. உங்க வீட்டுப் பேரு இதுல வராது, அதை நான் பாத்துக்கறேன்" என்றார். மூன்று நாள் அவகாசம் கொடுத்தார். நான் முதல் நாளே முடித்துக் கொடுத்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பெயர். அகரவரிசையில் எழுதினேன். யாரும் அகரவரிசை கேட்கவில்லை.

நாடு நாடாக எடுத்துச் சொல்லிப் பாடம் நடத்தியவன் நான். அந்தத் தாளில் கோடு போடும்போதே அது என்ன தாள் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபரில் ஒரு காலை, நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். கீழே லாரி வந்து நின்றது. தையற்காரர், அவர் மனைவி, இரண்டு பெண்கள். மூத்தவள் என் பட்டியலில் எழுபத்து மூன்றாவது பெயர். அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. ஏறுவதற்கு முன் நிமிர்ந்து ஜன்னலில் என்னைப் பார்த்தார்.

"சார், உங்க சட்டைக்கு இன்னும் காலர் வெக்கலை" என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பட்டியல் எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. நிஜமாகவே சட்டையைத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். முகத்தில் பாதி சோப்பு.

அன்றைக்கு மாலைதான் உனக்கு மூன்றாவது கடிதம் எழுத உட்கார்ந்தேன். நலம் என்று எழுதினேன். வேறு எந்தச் சொல்லை எழுதினாலும் அதற்கு அடுத்து இது வந்துவிடும் என்று தோன்றியது.

எல்லாவற்றையும் நான்கு பக்க வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெயர், வேலை, முகவரி, நீ கேட்டபடி. பட்டியலை எழுதியது நான் என்பதையும் விடவில்லை. அதை விட்டால் மற்றதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். உனக்காக மட்டும் எழுதியது என்று நினைத்துக்கொள்ளாதே. இது எங்காவது ஒரு தாளில் இருக்க வேண்டும்.

அண்ணன்


ஏப்ரல் 16

அண்ணா,

கொடுத்துட்டாங்க. நான் இங்கே இருக்கலாம்.

உன் நாலு பக்கத்தோட மொழிபெயர்ப்பை விசாரணை அதிகாரி சத்தமில்லாம வாசிச்சார். ஒரு வரியை மட்டும் மொழிபெயர்ப்பாளரை மறுபடி சொல்லச் சொன்னார். அகரவரிசை வரி. அப்புறம் தாத்தா லெட்டரை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ரெண்டாம் பக்கத்தைச் சேத்து வெச்சிருந்த குண்டூசி ஓட்டையைத் தடவிப் பாத்தார். பத்தி பதினேழு செல்லாதுன்னு அங்கேயே எழுதிட்டார்.

வெளியே வந்ததும் நான் குதிப்பேன்னு மொழிபெயர்ப்பாளர் நினைச்சிருப்பார். படிக்கட்டுல உக்காந்துட்டேன்.

தையற்காரர் மூத்த பொண்ணுக்கு நான்தான் சைக்கிள் கத்துக் கொடுத்தேன். சீட்டைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வாக்கா, விட்டுடாதேம்பா. உன்னைத் திட்டணும்னு தாளை எடுத்தேன். உன் லெட்டரை வெச்சுத்தான் இங்கே நிக்கறேன், எந்த வாயால திட்டறது? மன்னிச்சுட்டேன்னு எழுதவும் எனக்கு உரிமை இல்லை. அந்த நூத்துப் பன்னிரண்டு வீட்டுல நான் இல்லையே.

வக்கீலம்மா உன்னைப் பத்தியும் ஒரு வார்த்தை சொன்னாங்க. அது அப்புறம்.

அம்மாகிட்ட சொல்லு. வேலை நிரந்தரமாயிடுச்சுன்னு சொல்லு, புரியும்.

— வாலு


ஆகஸ்ட் 3

அன்புத் தங்கைக்கு,

அம்மா ஜூலை பதினொன்றாம் தேதி காலை இறந்துவிட்டாள். காப்பி கேட்டாள். நான் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. உனக்குப் போனில் சொல்ல வழி இல்லை, தெரியும்தானே. நம் தெருவில் தூக்கிப் போக நாலு பேர் இல்லை. டிரைவர் மாமாவும் நானும் அவர் லாரியில் கொண்டுபோனோம். முந்தின நாள்கூட உன்னைப் பற்றிப் பேசினாள். சேலை கட்டிக்கொண்டு நிற்கிறாய் என்று சொல்லியிருந்தேன். என்ன நிறம் என்று கேட்டாள். நீலம் என்றேன்.

அவளுக்காகத்தான் அங்கே இருந்தேன். வேலையும் ஜூனிலேயே போய்விட்டது. தலைமை ஆசிரியர் வாக்குக் கொடுத்தாரே, அவர் மாற்றலாகிப் போனதும் புதியவர் புதிய பட்டியல் போட்டார். அதில் நம் வீட்டுப் பெயரும் இருந்தது. எழுதியவனுக்குக் கையெழுத்து நன்றாக இல்லை.

இப்போது எல்லைக்கு இந்தப் பக்கம், ஒரு டயர் கடையின் மேல் அறையில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கீழே காற்றடிக்கும் சத்தம். உன் நாட்டுத் தூதரகத்தில் உன்னோடு சேர்ந்து வாழ விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். நேர்காணல் நல்லபடியாக நடந்தது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். சொல்ல வேண்டியதை மார்ச்சிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன், தங்கையின் கோப்பில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்றேன். எதையும் மறைக்க வேண்டாம் என்பதில் ஒரு நிம்மதி.

பழைய புத்தகக் கடையில் உன் நாட்டு மொழிப் பாலபாடம் கிடைத்தது. பத்து வயதுப் பிள்ளை கிறுக்கி வைத்தது. 'நான் ஆசிரியர்' என்று சொல்லத் தெரியும். 'நான் ஆசிரியராக இருந்தேன்' இன்னும் வரவில்லை. அங்கே எனக்குப் பள்ளிக்கூட வேலையெல்லாம் வேண்டாம். எதிர்ப்பக்கம் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அகலமாக இருந்தாலும் சமாளிப்பேன்.

உன்னைப் பார்த்து ஒரு வருடம் ஆகிவிட்டது. வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன் அன்றைக்கு. அழுதுவிடுவேன் என்று பயம்.

அன்புள்ள அண்ணன்


நவம்பர் 2

அண்ணா,

தூதரகத்துலேருந்து உனக்கு அனுப்பின தாளோட நகல் எனக்கும் வந்தது. நீயும் வாசிச்சிருப்பே. உன் பாலபாடத்தை வெச்சு வாசிச்சிருந்தா சரியாப் புரிஞ்சிருக்காது, அதனால நானே சொல்றேன். துன்புறுத்தலுக்கு ஆளானவங்களோட பெயர்ப்பட்டியலைத் தயாரிச்சதுல உனக்குப் பங்கு இருக்கு, அதை நீயே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டிருக்கே. அதனால உனக்கு இந்த நாட்டுக்குள்ள எந்த வகையிலும் இடம் கிடையாது. தங்கைகூட சேர்ந்து வாழறதுக்கும் கிடையாது. மேல்முறையீடு பண்ணலாம்னு கடைசியில ஒரு வரி இருக்கு. அதை நம்பாதேன்னு வக்கீலம்மா சொல்லிட்டாங்க. இவ்வளவு தெளிவா ஒருத்தர் எழுதிக் கொடுத்து அவங்க பாத்ததே இல்லையாம்.

நீ அடுத்து எங்கே போவே? அந்த டயர் கடை ஊர்ல உன்னை எத்தனை நாள் விட்டு வெப்பாங்க? அங்கேயும் கணக்கெடுப்பு ஆரம்பிச்சிருக்குன்னு சலவைக் கூடத்துல பேசிக்கறாங்க. எனக்கு எதிர்ல நிக்கறவ நீ இப்போ இருக்கற பக்கத்து ஆளுதான். நேத்து அவ விரிப்பைப் பாதியிலேயே விட்டுட்டு நின்னுட்டா. ஒரு வார்த்தை சொன்னா, அவ அண்ணன் பேரா இருக்கும்னு நினைக்கறேன். பாஷை தெரியலைன்னாலும் அந்த ஒரு வார்த்தை எனக்குப் புரிஞ்சது.

அம்மாவுக்காக நான் அழுதேன், நிறைய. அதை இதுல எழுதலை.

எழுத வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. வக்கீலம்மா உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாங்க, அப்புறம் சொல்றேன்னு ஏப்ரல்ல எழுதினேன். நீ கேக்கவே இல்லை. நான் மறந்துட்டேன்னு நினைச்சியோ என்னவோ.

அன்னைக்குக் காலையில விசாரணைக்கு முன்னாடி, நடைபாதையில பெஞ்சுல உக்காந்து வக்கீலம்மா உன் நாலு பக்கத்தோட மொழிபெயர்ப்பை வாசிச்சு முடிச்சாங்க. மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்துல கூப்பிட்டு வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தையா, நான் புரிஞ்சுக்கணும்னு மெதுவா சொன்னாங்க.

"இது உன்னைக் காப்பாத்தும். ஆனா இதைக் கொடுத்தா உங்க அண்ணன் எந்தக் காலத்துலேயும் இங்கே வர முடியாது. பட்டியல் விஷயம் இருக்கற ரெண்டாம் பக்கத்தை எடுத்துட்டு மீதி மூணைக் கொடுக்கலாம். ஜெயிக்கறது கஷ்டம், ஆனா வாய்ப்பு இருக்கு. நீதான் முடிவு பண்ணணும்."

அண்ணன் எங்கே வரப்போறான், அம்மாவை விட்டுட்டு வர மாட்டான்னு நினைச்சேன். அப்படி நினைச்சது ஞாபகம் இருக்கு. அது நான் முடிவு பண்றதுக்கு முன்னாடி நினைச்சதா, முடிவு பண்ணினதுக்கு அப்புறம் நினைச்சதான்னுதான் தெரியலை. எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன்.

எனக்குப் பயமா இருந்தது. விமான நிலையமும் அந்த ஆறு பேரும்தான் கண்ணு முன்னாடி நின்னாங்க. நீ நிக்கலை.

அவங்க அதைச் சொன்னப்போ சுவர்க் கடிகாரத்துல பத்தரை. நாலு பக்கத்தையும் நான் மனு வாங்கற ஜன்னல்ல கொடுத்து முத்திரை வாங்கினப்போ பத்து ஐம்பது. இருபது நிமிஷம், அண்ணா. அதுலேயும் பாதி நேரம் வரிசையில நின்னேன்.

— உன் தங்கச்சி